மூன்றாவது கிணறும் ஒரு நூற்கண்டும்

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் முனுசாமி ஒரு நாள் வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, நீங்க எண்ணெய் கம்பெனியில இருந்தீங்கன்னு சொல்றாங்களே, நம்ம மலைக்கு அடியில எண்ணெய் இருக்குமா? வருசா வருசம் தீபத்துக்கு எவ்ளோ நெய் ஊத்துறாங்க, எங்கனா எறங்கி இருக்கணும் இல்ல?"

சிரித்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, நம் மலை உருகி இறுகிய பாறை, அதில் எண்ணெய் ஊறவும் வழியில்லை, தங்கவும் இடமில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் தம்பி இவருக்கு மேல். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த அக்கா ஒருத்தி இருக்கும்போது, கடலைக் கொல்லையில் போர் போட இடம் பார்க்க, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திக்கொண்டு நடக்கும் ஆளைக் கூட்டிவந்தான். தண்ணீர் வந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வந்திருந்தால் என் மானம் போய்விடும்.

ஆகையால் இந்த ஊரில் என் வேலையைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நந்தினி. நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னிடம் கடைசியாகப் பயிற்சிக்கு வந்த பெண். இப்போது வேறொரு நிறுவனத்தில், பெரிய நகரத்தில், கண்ணாடி மாளிகை ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவள் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். மறுநாள் கால் வலியோடு நொண்டிக்கொண்டே வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"மேடம், உங்க மூணாவது கிணறு இருந்துச்சே, அதுக்குப் பக்கத்து மலையிலதான் நாங்க இப்ப ஒண்ணு போடப் போறோம். பழைய ஃபைல்ல தேடிப் பாத்தேன். தொழில்நுட்பக் காரணங்களால் கைவிடப்பட்டதுன்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு. என்னதான் மேடம் நடந்துச்சு?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஏழுமலை தலையைத் தூக்காமலே சொன்னார். "அதை எங்கிட்ட கேளும்மா. நான்தான் மேல இருந்தேன். இவ கீழ ஆபீஸ்ல ஒக்காந்துகினு நூல் சுத்திகினு இருந்தா."

அன்றைக்கு அவளிடம் சொன்னது கொஞ்சம். சொல்லாதது ஜாஸ்தி. சொல்லாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போனபின், கேஸை மூடினோமா என்று திரும்பி வருகிற ஆள். டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைக்காததால் அப்பா என்னை நிலவியல் படிக்க மெட்ராஸுக்கு அனுப்பினார். என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மண்ணு டெஸ்ட் பண்ற படிப்பு" என்று கடைசிவரை சொல்லிவந்தார். வேலை கிடைத்தது, ராஜஸ்தான் வெயிலில் பயிற்சி. அங்கே வேதியியல் படித்துவிட்டு வந்திருந்த ஓர் ஆள் "நீங்க எந்தப் பக்கம்?" என்று தமிழில் கேட்க, விசாரித்தால் எங்களுக்கு அடுத்த ஊர். அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்த்ததெல்லாம் ஒப்புக்குத்தான். கல்யாணமாகி இருவருக்கும் வடகிழக்கு மலைப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனோம்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தேடுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் நாலைந்துதான். பூமிக்குள் எண்ணெயோ வாயுவோ உண்டாகிற அளவுக்குச் சூடு பட்டதா? உண்டானது நகர்ந்து வர வழி இருந்ததா? வந்தது தங்குவதற்குத் துளைகள் உள்ள பாறை இருக்கிறதா? தங்கியது தப்பிப் போகாமல் மேலே மூடி இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று போட்டுப் பெருக்கினால், கடைசியில் கையில் மிஞ்சுவது சொற்பம். கிடைக்காமல் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு கிணற்றையும் தோண்டுவோம்.

சமவெளியில் பாறைப் படலங்கள் அடுக்கி வைத்த தோசை மாதிரி கிடக்கும். மலைப்பக்கம் அப்படி இல்லை. ஜமுக்காளத்தின் ஒரு ஓரத்தைச் சுவரோடு விட்டு, மறு ஓரத்தைக் காலால் தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழும்பும் அல்லவா? பூமி அப்படித் தள்ளப்பட்ட இடம் அது. ஒவ்வொரு மடிப்பும் கவிழ்த்து வைத்த சட்டி. வாயு மேலே ஏறப் பார்க்கும், சட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். அதுவரை நல்லது. ஆனால் தள்ளுவது நிற்காவிட்டால் மடிப்பு ஒரு பக்கம் உடைந்து, உடைந்த பாதி மறு பாதியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். கீழே இருக்கவேண்டிய பழைய பாறை மேலே, மேலே இருக்கவேண்டிய புதிய பாறை கீழே. அப்படி உடைந்து ஏறிய இடத்தைப் பிளவு என்போம்.

பிளவுக்கு அடியில்தான் ஆபத்து. மேலே திடீரென்று அவ்வளவு பாரம் ஏறியதும், கீழே மாட்டிய களிமண்ணால் தன்னிடமிருந்த தண்ணீரையும் வாயுவையும் வெளியேற்ற முடியாது. பல லட்சம் வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். அங்கே போய் நாம் ஓட்டை போடுகிறோம்.

தோண்டும்போது துளைக்குள் கனமான சேற்றுக் குழம்பை நிரப்பி வைப்பார்கள். மட் என்று சொல்வோம். அதன் எடைதான் கீழே இருக்கும் வாயுவை அடக்கி வைக்கும் கை. எடை கம்மியானால் வாயு பீறிட்டு மேலே வந்து, ஒரு பொறி பட்டால் துளை போடும் கோபுரமான ரிக் முழுவதும் எரிந்துபோகும். சரி, கனத்தைக் கூட்டிவிடலாமே என்றால், மேலே இருக்கிற பலவீனமான பாறை அந்தக் கனம் தாங்காமல் விரிந்து, சேறு முழுவதும் அதற்குள் ஓடிவிடும். அதனால் பிளவை எட்டுவதற்கு முன்பே மேல்பகுதிக்கு இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் போட்டுவிட வேண்டும். நம் ஊரில் போர் போட்டதும் கேசிங் இறக்குகிறார்களே, அதேதான். பிறகுதான் கனமான சேற்றோடு கீழே போகலாம். பிளவு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்வது என் வேலை. சேற்றின் எடையைப் பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை.

எங்கள் மேலதிகாரி தணிகாசலம் சார். ஆற்காட்டுக்காரர். அவ்வளவு தொலைவில் நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதே எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. இரண்டு வாரத்தில் அந்த ஆறுதல் போய்விட்டது. மனிதர் உட்கார மாட்டார். நாம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க, பின்னால் வந்து நின்று மூச்சு விடுவார். பூமிக்குள் சின்ன வெடி வைத்து, அதன் எதிரொலியை வைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் நீளமான காகிதத்தில் வரும். மலைப்பக்கத்துப் படத்தில் பாதி தெளிவாக இருக்கும், பாதி புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லோரும் தெளிவான பகுதியைக் காட்டித்தான் பேசுவோம். அவர் தன் உள்ளங்கையை விரித்து அந்தத் தெளிவான பகுதியின்மேல் வைத்து மறைத்துவிடுவார்.

"இத்த மறைச்சாச்சு. இப்ப சொல்லு, இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை சார்."

"ஆங். கிணறு அங்கதான் போவுது."

அவர் கொண்டுவந்த பழக்கம் நூல் அளவை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கடலடியில் படிந்த படலங்கள் எல்லாம் மடங்குவதற்கு முன் ஒரே நீளமாகத்தானே இருந்திருக்கும்? அதனால் நாம் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தில், ஒவ்வொரு படலத்தின் மேலும் வளைவுக்கு வளைவு தையல் நூலை ஒட்டிவைத்து, பிறகு நூலை எடுத்து நீட்டிப் பார்க்க வேண்டும். எல்லா நூலும் ஒரே நீளம் வந்தால் படம் நம்பும்படி இருக்கிறது. ஒரு நூல் குட்டையாக வந்தால் படம் பொய். காணாமல் போன நீளம் எங்கோ மடிந்து ஒளிந்திருக்கிறது, அதை நாம் வரையவில்லை. எங்கள் அறையில் ஆளுக்கொரு நூற்கண்டு இருக்கும். துப்புரவுக்கு வருகிற அம்மாள் இது என்ன தையற்கடையா என்று ஹிந்தியில் கேட்டுச் சிரிப்பார்.

அந்த மலையில் முதல் இரண்டு கிணறுகளும் வெறுங்கிணறுகள். மூன்றாவதிலும் ஒன்றும் இல்லையென்றால் முகாமையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஆகவே எல்லோருக்கும் அது ஆழமாகப் போய்ச் சேரவேண்டும் என்று இருந்தது. படத்தை நான் வரைந்தேன். சார் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். நூல் பிடித்தோம், சரியாக வந்தது. ஒரே ஒரு பிளவு, நல்ல ஆழத்தில். அதற்குச் சற்று மேலேவரை தோண்டிவிட்டுக் கேசிங் இறக்குவது என்று முடிவானது. ரிக்கை மலைமேல் ஏற்றினார்கள். மட் பார்க்க என் வீட்டுக்காரரும் போனார்.

தோண்டத் தோண்டக் கீழிருந்து வரும் கல் தூளைத் துணிப்பையில் கட்டி, ஜீப்பில் எங்களுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் காலையில் வந்த பையைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தேன். நான் தடிமனாக வரைந்திருந்த மணற்பாறை அதற்குள் முடிந்துபோய், அடுத்த படலம் வந்துவிட்டிருந்தது. இது நடப்பதுதான். படத்தின் மேல்பகுதியைத் திருத்தி வரைந்தேன். திருத்தியபின் வழக்கப்படி நூலை எடுத்தேன்.

நடுப்படலத்தின் நூல் குட்டையாக வந்தது.

கை நழுவியிருக்கும் என்று திரும்ப வைத்தேன். திரும்பவும் குட்டை. அந்த நீளம் எங்கே போயிருக்கும் என்று பார்த்தால், படத்தின் புகைமூட்டமான பகுதியில், நாங்கள் வரைந்த பிளவுக்கு வெகு மேலே, இன்னொரு பிளவு இருந்தால்தான் கணக்குச் சரியாகிறது. அப்படி ஒன்று இருந்தால் ரிக் அதை நெருங்கிவிட்டது. கேசிங் இறக்காத துளையோடு, கனமில்லாத சேற்றோடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. துளையிலிருந்து சேறு திரும்பி வரும் தொட்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு கிணறுகளில் நூல் ஒரு மயிரிழை முன்பின் வந்தபோது, சரி, போதும் என்று விட்டவள்தான் நான். இப்போது ஏன் விட மனம் வரவில்லை? நூலை வளைவின்மேல் நான் சரியாகத்தான் படியவைத்தேனா, அல்லது பயம் என் விரலைப் பிடித்து இழுத்ததா? எனக்கே தெரியவில்லை. யாரிடம் போய்ச் சொன்னாலும் முதல் கேள்வி அதுதான் வரும் என்று மட்டும் தெரிந்தது.

வந்தது. சார் அறையில் ரிக் பொறுப்பாளரும் இருந்தார். இப்போதே கேசிங் இறக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் பொறுமையாகவே விளக்கினார். இப்போதே இறக்கினால், அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குள் நுழைகிற சின்ன அளவில்தான் தோண்ட முடியும், துளை சீக்கிரமே குறுகிவிடும். குறுகிய துளையோடு கடைசி இலக்குவரை போய்ச்சேர முடியாமலே போகலாம். இந்த மலைக்கு இருக்கிற கடைசி வாய்ப்பும் போய்விடும். எல்லாம் உண்மை. பிறகு சாரைப் பார்த்து, மேடத்தின் கணவர் மேலே இருக்கிறார் அல்லவா, கவலை இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போனார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சார் என் படத்தை மேசையில் விரித்தார். "நீ வெளிய போய் நில்லு. உன் நூலு வேணாம், என்னுது எடுத்துக்கறேன்."

வராந்தாவில் நின்றேன். மழை வருவதுபோல இருட்டிக்கொண்டிருந்தது. குட்டையாக வரவேண்டும் என்று வேண்டுவதா, சரியாக வரவேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல் வாய்க்குள் அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். குட்டையாக வந்தால் என் வீட்டுக்காரர் ஆபத்தில் இருக்கிறார். சரியாக வந்தால் எனக்குப் புத்தி பேதலித்திருக்கிறது.

சார் உள்ளே கூப்பிட்டார். "கம்மியாத்தான் வருது. ஆனா நீ சொல்ற அளவுக்கு இல்ல. உனுக்கு இவ்ளோ, எனுக்கு இவ்ளோ" என்று இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். "நான் சொல்றதப் பாத்தா பிளவு இன்னும் கொஞ்சம் கீழ. இல்லாமயும் போவலாம். படம் வரையற கோட்டுத் தடிப்புல இது அடிபட்டுப் பூடும்."

நான் இரண்டு நூலையும் எடுத்துத் திரும்ப நீட்டிப் பார்த்தேன்.

"அமுதா, ஒண்ணு பண்றேன். இன்னிக்கே ஏழுமலைய எறக்கிடறேன். மதியம் ஜீப்பு போவுது, அதுல வந்துடட்டும். அவுரு கீழ வந்து உன் பக்கத்துல குந்திகினப்புறம், நீ மறுபடி நூல் புடிச்சு இதே நம்பர் சொல்லுவியா? சொன்னா நான் கேசிங் எறக்கச் சொல்லிடறேன்."

அந்த மனிதர் என்னைச் சோதிக்கத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது வரமாக இருந்தது. மதியம் ஜீப். சாயங்காலம் வீட்டில் இருப்பார். சரி சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொல்வதற்கு முன், எதற்கென்றே தெரியாமல், "அவருக்குப் பதிலா யார் சார் மேல போவாங்க?" என்று கேட்டேன்.

"பாஸ்கர ராவ் லீவு முடிஞ்சு வந்துட்டான் இல்ல, அவன் போவான்."

பாஸ்கர ராவ் எங்கள் குடியிருப்பில் மாடிவீடு. விசாகப்பட்டினத்துக்காரர். எங்களுக்கு அங்கே முதல் வருஷம் காய்ச்சல் வந்து இருவரும் படுத்தபடுக்கையாகக் கிடந்தபோது, அவர் மனைவி லட்சுமிதான் ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்தவள். நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்த ஆவக்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பாட்டில் என் சமையலறை மேடையில் இருந்தது.

"வேணாம் சார்" என்றேன். "யார் மேல இருந்தாலும் எனக்கு நூல் இங்கதான் வருது. ராவ் போனாலும் இதையேதான் சொல்வேன்."

வீரமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். சொன்ன நொடியே, ஐயோ, அவரை இறக்கியிருக்கலாமே என்று உள்ளே அடித்துக்கொண்டேன். இன்னொரு முறை சார் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தலைமையகத்துக்குப் பேசினார். எதிர்முனையில் கத்தியது எனக்கே கேட்டது. "என் கையெழுத்துல எறக்குறேன் சார்" என்றார் ஆங்கிலத்தில், அதையே திரும்பத் திரும்ப.

கேசிங் இறக்கினார்கள். சிமெண்ட் போட்டுக் காயவிட்டார்கள். மட்டின் கனத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். நான் சொன்ன ஆழம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. பாறையும் மாறவில்லை, வாயுவும் வரவில்லை. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கேன்டீனில் எனக்கு நூல் மேடம் என்று பெயர் வந்துவிட்டது. பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கிணற்றைக் கெடுத்தார்கள் என்று மேலேயும் பேச்சு. வயர்லெஸ்ஸில் என் வீட்டுக்காரர் வள்ளென்று விழுந்தார்.

"ஏ அமுதா, இங்க தலை காட்ட முடியல. டீ குடிக்கப் போனா, என்னா ஏழுமலை, வீட்ல உத்தரவு வாங்கிட்டியான்னு கேக்கறானுங்க. உனக்கு ஏன் இந்த வேலை?"

"ஏங்க, திட்றதெல்லாம் கீழ வந்து திட்டுங்க. இப்ப தொட்டியப் பாருங்க" என்றேன். அந்தப் பக்கம் கொர்ரென்று சத்தம் வந்து தொடர்பு அறுந்துவிட்டது. அவமானத்தைவிட, ஒன்றும் ஆகாமல் இருக்கிறதே என்ற நிம்மதிதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. நான் முட்டாளாகிவிட்டால் அவர் பத்திரம் என்று அர்த்தம். அப்படியே ஆகட்டும் என்றிருந்தேன்.

பிறகு ஒரு காலை. தினசரி அறிக்கை கேட்க வயர்லெஸ் அறையில் சாரோடு நின்றிருந்தேன். ஆழம், பாறை, சேற்றின் எடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்தான். நடுவில் நிறுத்தினார்.

"சார், தொட்டியில மட்டம் ஏறுது."

அவ்வளவுதான். பின்னால் யாரோ ஹிந்தியில் கூவினார்கள். மணி அடித்தது. தொடர்பு திறந்தபடியே இருந்ததால் இரும்பு இரும்போடு மோதுவதும் ஓடும் காலடிகளும் கேட்டன, பேச்சு இல்லை. தொட்டியில் மட்டம் ஏறுகிறது என்றால், கீழே வாயு உள்ளே நுழைந்து சேற்றை மேலே தள்ளுகிறது என்று பொருள். கிணற்றின் வாயை உடனே மூட வேண்டும். மூடியபின், உள்ளே சேரும் அழுத்தத்தைக் கேசிங் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மூடியும் பயனில்லை.

சார் அப்போதுதான், நான் பார்த்து முதல் தடவையாக, நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். நான் எதை நினைத்தேன் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று காலை என் வீட்டுக்காரருக்குச் சட்டைப் பொத்தான் போயிருந்ததே, தைத்துக் கொடுத்து அனுப்பவில்லையே என்று நினைத்தேன். அவர் ரிக்குக்குப் போய் வாரங்கள் ஆகின்றன, எந்தச் சட்டை, எந்தப் பொத்தான் என்று ஒரு ஒழுங்கும் இல்லை. மனம் எதையோ பிடித்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து மூச்சு வாங்கும் குரல் வந்தது. "மூடிட்டோம் சார். அழுத்தம் ஏறிச்சு. இப்ப நின்னுடுச்சு. கேசிங் புடிச்சுகினு இருக்குது. எல்லாரும் இருக்கோம்." பிறகு, "அமுதா இருக்காளா அங்க?" என்றார்.

சார்தான் பதில் சொன்னார். "இருக்கா, இருக்கா. அழுதுகினு இருக்கா. நீ வேலையப் பாருப்பா."

நான் குறித்ததற்குக் கீழே, சார் நூல் காட்டிய இடத்தையும் கொஞ்சம் தாண்டி, நாங்கள் முதலில் வரைந்திருந்த பிளவுக்கு வெகு மேலே அந்த இன்னொரு பிளவு இருந்தது. முதல் திட்டப்படி போயிருந்தால் கேசிங் இல்லாத துளையில் அதைச் சந்தித்திருப்பார்கள். வாயுவை அடக்கிக் கிணற்றை அமைதிப்படுத்தப் பல நாள் ஆயிற்று. அதற்குள் துளை குறுகி, இலக்குக்குப் போக வழியில்லாமல் ஆகிவிட்டது. சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டு இறங்கிவந்தார்கள். கடைசி இலக்கில் எண்ணெய் இருந்ததா, இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகாமை மூடினார்கள். சாரை ஓர் ஓரமான அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கோப்பில் அந்த ஒரு வரியை எழுதினார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சேறு காய்ந்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே குளிக்கப் போனார். குளியலறைக்குள்ளிருந்து, "உன் நம்பரும் தப்புதான், தெரியுமா?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாடியிலிருந்து லட்சுமி எட்டிப் பார்த்து, அண்ணா வந்துட்டாரா என்று கேட்டாள். அவளிடம் நான் அன்றைக்கும் எதுவும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

இதில் நான் சொன்ன கொஞ்சத்தை நந்தினி கால்களை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இப்போதெல்லாம் நூல் கிடையாது. படலங்களை இழுத்து நீட்டிப் பார்ப்பதைக் கம்ப்யூட்டரே செய்கிறது, பிளவுகளைத் தானே கண்டுபிடித்து வண்ணக் கோடு போடுகிறது. ஆயிரம் விதமாக வரைந்து பார்த்து, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்றும் சொல்லிவிடுகிறது. பொறாமையாக இருந்தது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

"பாருங்க மேடம், பிளவு இந்த ரெண்டு ஆழத்துக்கு நடுவுல எங்க வேணா இருக்கலாம்னு சொல்லுது. மேல இருக்கறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. கேசிங்கை கீழயே வெச்சிட்டா இலக்கு வரைக்கும் போயிடலாம். மேல வெச்சா துளை குறுகிடும், உங்களுக்கு ஆன மாதிரியே. எங்க ஆபீஸ்ல எல்லாருமே கீழ வெச்சுடலாம்ங்கறாங்க. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடணும். நீங்களா இருந்தா என்ன நம்பர் போடுவீங்க?"

படத்தைப் பார்த்தேன். அழகான படம். இடதுபக்கம் தெளிவாக இருந்தது. வலதுபக்கம் இத்தனை வருஷம் கழித்தும் அதே புகைமூட்டம். கம்ப்யூட்டர் அதன் மேலேயும் தயங்காமல் வண்ணம் தீட்டியிருந்தது. கூடத்தில் பேப்பரின் சத்தம் நின்றுவிட்டது, அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ரிக்குல மட் பாக்கறது யாரு?" என்று கேட்டேன்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க மேடம். வேற கம்பெனி. அவங்க ஷெட்யூல் எல்லாம் எங்களுக்கு வராது."

"பேரு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். "பேரா? தெரியலையே மேடம். அது எதுக்கு?"

"போன் பண்ணிக் கேளு" என்றேன். "பேரைக் கேட்டுட்டு, வீட்ல யார் யார் இருக்காங்கன்னும் கேட்டுட்டு வா. அப்புறம் ரெண்டு பேருமா ஒக்காந்து நம்பர் போடலாம்."